புயல் வரும்போது பள்ளியை முன்கூட்டியே விடலாமா? - 1888 பனிப்புயல் சொல்லும் பாடம்

முன்னுரை

கடும் புயல் நெருங்கும்போது பள்ளியில் இருக்கும் பிள்ளைகளை உடனே வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டுமா, அல்லது புயல் ஓயும் வரை பள்ளியிலேயே வைத்திருக்க வேண்டுமா? கேட்பதற்கு எளிய கேள்வி போலத்தான் தோன்றும். ஆனால் அமெரிக்க வரலாற்றில் இந்தக் கேள்விக்குப் பல உயிர்கள் விலையாகப் போயிருக்கின்றன. அதில் முதலாவதாக நினைவுக்கு வருவது, "பள்ளிப் பிள்ளைகளின் பனிப்புயல்" என்றே பெயர் பெற்றுவிட்ட 1888-ஆம் ஆண்டுப் புயல்.

அன்றைய சமவெளி வாழ்க்கை

1862-ஆம் ஆண்டு ஹோம்ஸ்டெட் சட்டம் வந்த பிறகு, அமெரிக்காவின் நடுப்பகுதியில் உள்ள புல்வெளிச் சமவெளிகளில் ஏராளமானோர் குடியேறினர். நார்வே, ஜெர்மனி, ரஷ்யா போன்ற நாடுகளிலிருந்து வந்த ஏழை விவசாயிகள் அவர்களில் அதிகம். அங்கே மரங்கள் குறைவு. அதனால் புல்வேர் பின்னிய மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டி அடுக்கி வீடு கட்டினார்கள். பள்ளிக்கூடங்கள் பலவும் அப்படித்தான். ஒரே அறை, ஓர் அடுப்பு, ஓர் ஆசிரியை. அந்த ஆசிரியைக்கே பல இடங்களில் இருபது வயதுகூட ஆகியிருக்காது. பிள்ளைகள் ஒரு மைல், இரண்டு மைல் தூரம் நடந்தே பள்ளிக்கு வருவார்கள். வழியில் வேலியோ மரமோ அடையாளமோ இருக்காது.

1888 ஜனவரி 12

அன்று வியாழக்கிழமை. பல நாட்களாக வாட்டிய கடுங்குளிர் விலகி, காலை இதமாக இருந்தது. வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த பிள்ளைகள் உற்சாகமாகப் பள்ளிக்குப் புறப்பட்டார்கள். பலர் கனமான கோட்டும் கையுறையும் இல்லாமலேயே போனார்கள். பெரியவர்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு வயலுக்குப் போனார்கள்.

வடமேற்கிலிருந்து புயல் திடீரென்று வந்தது. அதிகாலையில் மொன்டானாவில் புகுந்து, நண்பகலுக்குள் டகோடாவைக் கடந்து, பிற்பகல் மூன்று மணியளவில் நெப்ராஸ்காவின் லிங்கன் நகரை எட்டியது. பனி மாவு போல மிக நுண்ணிய தூளாகப் பறந்து கண்ணையும் மூக்கையும் அடைத்தது. நீட்டிய கை தெரியவில்லை என்று உயிர் தப்பியவர்கள் பின்னாளில் சொன்னார்கள். இரவுக்குள் வெப்பநிலை பல இடங்களில் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி பாரன்ஹீட்டையும் (ஏறத்தாழ மைனஸ் 29 டிகிரி செல்சியஸ்) தாண்டி இறங்கியது. இறந்தவர்களின் எண்ணிக்கை பொதுவாக 235 என்று சொல்லப்படுகிறது. சிலர் அதைவிடக் கூடுதலாகக் கணக்கிடுகிறார்கள். இறந்தவர்களில் பலர் பள்ளியிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த பிள்ளைகள்.

எச்சரிக்கை இல்லையா?

அக்காலத்தில் வானிலை அறிவிப்பு ராணுவத்தின் சிக்னல் படைப்பிரிவிடம் இருந்தது. செயின்ட் பால் நகரில் லெப்டினென்ட் தாமஸ் உட்ரஃப் என்பவர் அந்தப் பகுதிக்கான முன்னறிவிப்பைத் தயாரித்தார். குளிர் அலை வருமானால், நடுவில் கறுப்புச் சதுரம் உள்ள வெள்ளைக் கொடியை ஏற்றுவது வழக்கம். ஆனால் தந்தி வசதி உள்ள ஊர்களுக்குத்தான் செய்தி போகும். புல்வெளியின் நடுவே இருந்த ஒற்றை அறைப் பள்ளிக்குத் தந்தியும் கிடையாது, கொடியும் தெரியாது. ஆகவே அன்று முடிவெடுக்க வேண்டியிருந்தவர்கள் அந்த இளம் ஆசிரியைகள்தான். புயல் கதவைத் தட்டிய பிறகுதான் அவர்களுக்கு விஷயமே தெரிந்தது.

மூன்று பள்ளிகள், மூன்று முடிவுகள்

நெப்ராஸ்காவின் மீரா பள்ளத்தாக்கில் மின்னி ஃபிரீமன் என்ற ஆசிரியை பிள்ளைகளைப் பள்ளியிலேயே வைத்திருக்கத்தான் நினைத்தார். ஆனால் காற்று மண் பள்ளியின் கூரையைப் பெயர்த்துவிட்டது. வேறு வழியின்றி, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஏறத்தாழ அரை மைல் தொலைவில் இருந்த பண்ணை வீட்டுக்கு நடந்தார். அனைவரும் பிழைத்தனர். பிள்ளைகளை அவர் கயிற்றால் பிணைத்து அழைத்துச் சென்றார் என்ற கதை நாடெங்கும் பரவியது. கயிறு இருந்ததா இல்லையா என்பதில் பின்னர் கருத்து வேறுபாடு எழுந்தது. ஆனால் பதின்மூன்று பிள்ளைகள் பிழைத்ததாக அவரைப் புகழ்ந்து பாட்டே எழுதினார்கள்.

அதே மாநிலத்தில் பிளெய்ன்வியூ ஊருக்கு அருகில் லோயிஸ் ராய்ஸ் என்ற ஆசிரியையிடம் மூன்று சிறு பிள்ளைகள் இருந்தனர். அடுப்புக்கான எரிபொருள் தீர்ந்துபோனது. அவர் தங்கியிருந்த வீடு 200 கெஜத்துக்கும் குறைவான தூரத்தில்தான் இருந்தது. அங்கே போய்விடலாம் என்று கிளம்பியவர்கள் வழி தவறினார்கள். இரவு முழுவதும் திறந்தவெளியில் கிடந்ததில் மூன்று பிள்ளைகளும் இறந்தனர். ஆசிரியை உயிர் பிழைத்தார், ஆனால் பனியில் உறைந்த அவரது பாதங்களை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

இந்த இருவரும் செய்தது ஒன்றேதான் என்பதைக் கவனிக்க வேண்டும். இருவரும் பள்ளியில் இருக்க முடியாத நிலையில்தான் வெளியேறினார்கள். ஒருவருக்குக் கூரை போனது, மற்றவருக்கு எரிபொருள் போனது. ஒருவர் வீட்டைக் கண்டுபிடித்தார், மற்றவரால் முடியவில்லை. ஆகவே ஒருவரைப் புகழ்ந்து மற்றவரைக் குறை சொல்வது நியாயமாகாது. ஒமாஹாவின் செய்தித்தாள் ஒன்று திரட்டிய நிதியில் இருவருக்குமே பங்கு கிடைத்தது என்பது ஆறுதலான செய்தி.

மூன்றாவது, டகோடாவின் கிராட்டன் ஊர்ப் பள்ளி. அங்கே ஊர்ப் பெரியவர்கள் குதிரை வண்டிகளைக் கொண்டுவந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டார்கள். தலைகளை எண்ணித்தான் புறப்பட்டார்கள். அப்படியும் வால்ட்டர் ஆலன் என்ற எட்டு வயதுச் சிறுவன், சிலேட்டைத் துடைக்கத் தண்ணீர் வைத்திருந்த சின்னக் கண்ணாடிப் புட்டியை மறந்துவிட்டான் என்று வண்டியிலிருந்து குதித்துப் பள்ளிக்குள் ஓடினான். திரும்பி வந்தபோது வண்டிகள் போய்விட்டன. அவனுடைய அண்ணன் தேடிப் போய்ப் பனியில் தவழ்ந்து கண்டெடுத்ததால் பிழைத்தான். முறையாக அனுப்பும்போதும் ஒரு பிள்ளை எவ்வளவு எளிதில் தவறிப்போகலாம் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. டகோடாவின் ரோஸ்ஃபீல்டு பகுதியில் பள்ளியிலிருந்து வீட்டுக்குக் கிளம்பிய ஐந்து சிறுவர்கள் வழி தவறினார்கள். மூன்று நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமைதான் அவர்களது உடல்கள் கிடைத்தன. அவர்களில் மூவர் உடன்பிறந்த சகோதரர்கள்.

அதே தவறு மீண்டும்

43 ஆண்டுகள் கழித்து, 1931 மார்ச் 26 அன்று, கொலராடோ மாநிலத்தின் டவ்னர் அருகே பிளசன்ட் ஹில் பள்ளியில் இதே கேள்வி மீண்டும் எழுந்தது. பனிப்புயல் தொடங்கியதும், பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி வீட்டுக்கு அனுப்ப முடிவு செய்தார்கள். இருபது பிள்ளைகளுடன் கிளம்பிய பேருந்து பாதை தெரியாமல் பள்ளத்தில் சிக்கியது. உதவி தேடி நடந்த ஓட்டுநர் கார்ல் மில்லர் வழியிலேயே உறைந்து இறந்தார். பிள்ளைகள் ஐவர் மாண்டனர். வாகனம் இருந்தும்கூட, புயலுக்குள் அனுப்பியது ஆபத்தாகவே முடிந்தது.

சுழல்காற்றும் பள்ளியும்

பனிப்புயலுக்கு மட்டுமல்ல, டொர்னாடோ எனப்படும் சுழல்காற்றுக்கும் இது பொருந்தும். 1967 ஏப்ரல் 21 அன்று இல்லினாய் மாநிலத்தின் பெல்விடியர் உயர்நிலைப் பள்ளியில், மாணவர்கள் பேருந்துகளில் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் சுழல்காற்று தாக்கியது. பேருந்துகள் பொம்மைகள் போல உருண்டன. ஊரில் இறந்த 24 பேரில் 13 பேர் அந்தப் பள்ளியில் இறந்தவர்கள்.

இதற்கு எதிரான வாதமும் உண்டு. 2007 மார்ச் 1 அன்று அலபாமாவின் என்டர்பிரைஸ் உயர்நிலைப் பள்ளியில், எச்சரிக்கை காரணமாக மாணவர்களை வெளியே விடாமல் உள் நடைபாதையில் உட்கார வைத்திருந்தார்கள். சுவர் இடிந்து விழுந்து எட்டு மாணவர்கள் இறந்தனர். முன்னமே அனுப்பியிருக்கலாமே என்ற கேள்வி எழுந்தது இயல்புதான். ஆனால் பள்ளிக்கு வெளியே நின்ற கார்களையும் காற்று புரட்டிப் போட்டிருந்தது. கடைசி நேரத்தில் விட்டிருந்தால் மாணவர்கள் அந்தக் கார்களுக்குள்தான் இருந்திருப்பார்கள்.

2013 மே 20 அன்று ஓக்லஹோமாவின் மூர் நகரில், பிளாசா டவர்ஸ் தொடக்கப் பள்ளி இடிந்து ஏழு பிள்ளைகள் இறந்தனர். அங்கே புயல் பாதுகாப்பு அறை இல்லை. பின்பு பள்ளியைத் திரும்பக் கட்டியபோது அந்த அறையைச் சேர்த்தார்கள். ஆக, பள்ளியிலேயே இருத்தி வைப்பது நல்லது என்றால், பள்ளிக் கட்டடமும் அதற்குத் தகுந்ததாக இருக்க வேண்டும்.

2014 ஜனவரி 28 அன்று அட்லாண்டாவில் நடந்தது வேறு விதம். பெய்தது சுமார் இரண்டரை அங்குலப் பனிதான். ஆனால் பள்ளிகள், அலுவலகங்கள், அரசுத் துறைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எல்லோரையும் அனுப்பிவிட்டன. சாலைகள் உறைந்து அடைத்துக்கொண்டன. பள்ளிப் பேருந்துகள் பல மணி நேரம் சிக்கி நின்றன. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அன்றிரவு பள்ளிகளிலேயே தூங்கினார்கள். எச்சரிக்கை அன்று அதிகாலையிலேயே வந்திருந்தது. காலையிலேயே விடுமுறை விட்டிருந்தால் இந்தத் துன்பமே இல்லை.

முடிவுரை

இந்த நிகழ்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. முன்கூட்டியே விடுவது நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்டுப் பயனில்லை, எவ்வளவு முன்கூட்டி என்பதே முக்கியம். கடைசிப் பிள்ளையும் வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்திய பிறகே புயல் வரும் என்று உறுதியாகத் தெரிந்தால் அனுப்பலாம். அந்த நேரம் கடந்துவிட்டால் அனுப்பக்கூடாது. பெற்றோர் வந்து கேட்டாலும் எடுத்துச் சொல்லி அவர்களையும் உள்ளே அமர்த்திக்கொள்வதே நல்லது. அப்படி வைத்திருப்பதற்கு உறுதியான சுவரும், வெப்பமும், ஓர் இரவுக்கான உணவும், பெயர்ப் பட்டியலும் பள்ளியில் தயாராக இருக்க வேண்டும்.

1888-இல் அந்த இளம் ஆசிரியைகளுக்கு எச்சரிக்கையும் கிடைக்கவில்லை, நல்ல கட்டடமும் இல்லை, போதிய விறகும் இல்லை. அவர்கள் தங்களால் ஆனதைச் செய்தார்கள். இன்று செயற்கைக்கோளும் கைப்பேசியும் இருக்கும்போது, அதே முடிவைக் கடைசி நிமிடத்தில் ஒரு ஆசிரியையின் தலையில் சுமத்துவது சரியல்ல. அதைப் புயலுக்கு முந்தைய நாளே எடுத்துவிட வேண்டியது கல்வித் துறையின், அரசின் கடமையாகும்.