பாலைவனத்தில் பிறந்த லாரி

2004 மார்ச் 13. கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில், பார்ஸ்டோ ஊருக்கு வெளியே, ஸ்டியரிங் பிடிக்க ஆள் இல்லாத வண்டிகளுக்கு ஒரு பந்தயம். தேர்வானவை 15 வண்டிகள், போக வேண்டிய தூரம் 142 மைல், ஜெயித்தால் பத்து லட்சம் டாலர். அன்றைக்கு அதிக தூரம் போனது கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ‘சேண்ட்ஸ்டார்ம்’ என்ற ஹம்வீ வண்டி. அதிக தூரம் என்றால் ஏழரை மைல்கூட இல்லை. ஒரு கொண்டை ஊசி வளைவில் பாதையை விட்டு இறங்கியது. வயிறு மண்மேட்டில் உட்கார்ந்துகொள்ள, சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி ரப்பர் புகைந்தது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, இறங்கிக் குனிந்து பார்க்க உள்ளே ஒருவரும் இல்லை.

பந்தயத்தை நடத்தியது அமெரிக்க ராணுவத்தின் ஆராய்ச்சி அமைப்பான தார்பா. ராணுவத்தின் தரைப்போர் வண்டிகளில் மூன்றில் ஒன்று 2015-க்குள் ஆளில்லாமல் ஓட வேண்டும் என்று அந்நாட்டு நாடாளுமன்றம் 2000-லேயே இலக்கு வைத்திருந்தது. இராக்கில் சாலையோரக் குண்டுகள் வெடிக்கத் தொடங்கிய பிறகு, சரக்கு ஏற்றிப் போகும் வண்டியில் யார் உட்காருவது என்பது உயிர்ப் பிரச்சினையாகிவிட்டது. ஆளில்லா வண்டியின் பிறப்பைப் பேசும்போது இதை நாம் மறந்துவிடக் கூடாது. ஓட்டுநர் சம்பளத்தை மிச்சம் பிடிக்கும் எண்ணம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டதுதான்.

அடுத்த ஆண்டு அக்டோபரில் மறுபடியும் பந்தயம். ஸ்டான்ஃபோர்டின் ‘ஸ்டான்லி’ 132 மைலை ஏழு மணி நேரத்துக்குள் முடித்து ஜெயித்தது. எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். என் கண் போவதோ கடைசியாக வந்து சேர்ந்த ஐந்தாவது வண்டியின் மேல். ‘டெர்ராமேக்ஸ்’ என்ற பெயரில் ஆஷ்காஷ் நிறுவனம் அனுப்பிய ஆறு சக்கர ராணுவ லாரி அது. இருட்டியதும் பாலைவனத்திலேயே நிறுத்தி வைத்தார்கள். விடிந்ததும் கிளம்பி, மலைக் கணவாயின் குறுகிய வளைவுகளில் இறங்கி, எல்லையைத் தொட்டது. பத்து மணி நேரக் கெடு தாண்டிவிட்டது, பரிசும் கிடையாது. ஆளில்லா லாரிக்குப் பிறந்தநாள் எது என்று கேட்டால் அந்த நாளைத்தான் சொல்வேன்.

பந்தயத்தில் கிரீஸ் பூசிக்கொண்ட இளைஞர்கள் பிறகு கம்பெனிகளுக்குப் போனார்கள். 2016-ல் ஓட்டோ என்ற நிறுவனத்தின் லாரி கொலராடோவில் சுமார் 120 மைல் நெடுஞ்சாலையில் பீர் ஏற்றித் தானே ஓடியது. நெடுஞ்சாலை ஏறும்வரை ஓட்டியவர் ஒரு டிரைவர். சேண்ட்ஸ்டார்ம் குழுவில் இருந்த கிறிஸ் அர்ம்சன் வேறு சிலரோடு சேர்ந்து தொடங்கிய அரோரா நிறுவனம் 2025-ல் டல்லாஸ், ஹூஸ்டன் இடையே ஓட்டுநர் சீட்டைக் காலியாக வைத்துச் சரக்கு ஏற்றியது. சில வாரங்களிலேயே லாரி தயாரித்த நிறுவனம் கேட்டுக்கொள்ள, கவனிப்பதற்கென்று அந்தச் சீட்டில் மறுபடி ஓர் ஆள் உட்கார்ந்தார்.

ஒரு சின்னப் பொருளைப் பாருங்கள். லாரி வழியில் நின்றுவிட்டால் பத்து நிமிடத்துக்குள் சிவப்பு முக்கோணங்கள் மூன்றைச் சாலையில் வைக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. ஆளில்லா லாரியில் இறங்கிப் போய் அவற்றை வைக்க யார் இருக்கிறார்கள்? முகப்பிலேயே எச்சரிக்கை விளக்கு பொருத்திக்கொள்ள அனுமதி கேட்ட நிறுவனங்களுக்கு 2024 இறுதியில் மறுப்புதான் கிடைத்தது. முக்கோணம் வைப்பது, தார்ப்பாய் இறுக்குவது, டயரைத் தட்டிப் பார்ப்பது எல்லாம் ஓட்டுவதோடு சேர்ந்த வேலைகள் என்பது இப்போதுதான் பொறியாளர்களுக்கு உறைக்கிறது.

அதனால் டிரைவர் தொழில் பிழைத்துக்கொள்ளும் என்று நிம்மதியாக இருந்துவிட என்னால் முடியவில்லை. அமெரிக்காவில் நெடுந்தூர ஓட்டுநருக்குப் பெரும்பாலும் மைல் கணக்கில்தான் கூலி. சக்கரம் உருண்டால் காசு. வளைவு குறைந்த, சிக்னல் இல்லாத நெடுஞ்சாலை மைல்தான் அவருக்குச் சோறு. இயந்திரத்துக்கு எளிதாகக் கைவருவதும் அதே மைல்தான். ஓட்டுநர் ஒரேயடியாகக் காணாமல் போகமாட்டார். அவருடைய நல்ல மைல்கள்தான் முதலில் பறிபோகும். மிஞ்சுவது ஊருக்குள் நெரிசலில் டிரெய்லரை இழுத்துப் போவதும், கிடங்கு வாசலில் இறக்குவதற்காக முறை வரும்வரை மணிக்கணக்கில் காத்துக் கிடப்பதும். அந்தக் காத்திருப்புக்கு இன்றும் பல இடங்களில் ஒரு காசு கூலி கிடையாது.