எட்டு ஆண்டுகள் நகர்ந்த ஒரு கோப்பு



சின்னாளப்பட்டியிலிருந்து திண்டுக்கல்லுக்குப் பேருந்தில் போகும்போது, மலைக்கோட்டையைக் கண்டதும் எனக்குப் பிரான்சு ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. 1755 வாக்கில் மைசூர் அரசின் பௌஜ்தாராகத் திண்டுக்கல் வந்த ஐதர் அலி, பீரங்கிப் படையும் ஆயுதச் சாலையும் அமைக்கப் பிரெஞ்சுக் கைவினைஞர்களை வரவழைத்தார். அவர்களில் நான் பிறந்த புதுச்சேரியிலிருந்து வந்தவர்களும் உண்டு. ஆகவே பிரான்சிடம் ஆயுத உதவி பெறுவது ரஃபேல் விமானத்தோடு தொடங்கிய கதை அல்ல.

ஆனால் அது அரசர்கள் காலத்துச் சங்கதி. இரண்டு குடியரசுகளின் நட்பு எங்கள் ஊரைப் பற்றிய ஒரு கோப்பில்தான் சோதிக்கப்பட்டது. நாற்காலியில் உட்கார்ந்து கோப்பு தள்ளியவன் என்பதால் எனக்கு அதில் தனி மரியாதை.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள். இந்தியாவோடு இணைய 170 பேர் வாக்களித்தார்கள். எதிர்த்தவர்கள் 8 பேர். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. ஒப்படைப்பு உடன்படிக்கை 1956 மே 28-இல் கையெழுத்தானது. அதோடு கோப்பு நின்றுவிட்டது. அல்ஜீரியப் போரில் சிக்கியிருந்த பிரான்சில், இன்னொரு நிலத்தை விட்டுக்கொடுக்க நாடாளுமன்றத்தின் ஒப்புதல் எளிதில் கிடைக்கவில்லை. 1962 ஜூலையில் அல்ஜீரியா விடுதலை பெற்றது. ஆகஸ்ட் 16-இல் எங்கள் கோப்பும் முடிந்தது.

இந்த இடைவெளியில் நேரு அரசு பொறுமை காத்தது. கோவாவுக்கு 1961 டிசம்பரில் ராணுவம் போனது. புதுச்சேரிக்கு அந்த நிலை வரவில்லை. போர்ச்சுகலில் அப்போது சலாசாரின் சர்வாதிகாரம். பிரான்சிலோ, தாமதமானாலும், பேச ஒரு நாடாளுமன்றம் இருந்தது.

இதில் வியப்பு என்னவென்றால், புதுச்சேரித் தகராறு தீராத 1953-லேயே நம் விமானப்படை பிரெஞ்சு ஊரகான் விமானங்களை வாங்கி, 'தூஃபானி' என்று பெயர் வைத்துவிட்டது. 1957-இல் மிஸ்டேர் வந்தது. 1985-இல் மிராஜ் 2000 வந்தது. 1999 கார்கில் போரில் அதன் பங்கு எல்லோருக்கும் தெரியும். 1998 மே மாதம் பொக்ரான் சோதனைக்காக அமெரிக்காவும் ஜப்பானும் பொருளாதாரத் தடை போட்டபோது, பிரான்சு தடை போடவில்லை.

கொடுக்கல் வாங்கல் ஆயுதத்தோடு நிற்கவில்லை. கல்பாக்கத்தில் 1985-இல் இயங்கத் தொடங்கிய சோதனை ஈனுலைக்கு முன்மாதிரி, பிரான்சின் ரப்சோடி உலை. 1974 ஒப்பந்தப்படி நம் பொறியாளர்கள் அங்கே போய் வைக்கிங் எஞ்சினில் வேலை செய்து கற்றுவந்ததே, நம் மகேந்திரகிரியில் சோதிக்கப்படும் 'விகாஸ்' எஞ்சின். சந்திரயான்-3 ஏறிப்போன ராக்கெட்டிலும் அது இருந்தது.

இதையெல்லாம் பெருமையாகச் சொல்கிறேன். ஆனால் அந்தக் கோப்புக்கு ஒரு விலையும் இருந்தது. உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள், பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதாதவர்கள் தாமாகவே இந்தியர்கள். எங்கள் தெருவில் பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்ற 'சொல்தா'க்கள் எழுதிக் கொடுத்தார்கள். என் பெரியப்பா எழுதினார். அப்பா எழுதவில்லை.

பிரெஞ்சு வழியில் என்னைப் படிக்க வைத்த மனிதர், ஏன் எழுதவில்லை? வேலை கிடைக்கத் திண்டாடிய வயதில் கோபமாகவே கேட்டேன். "பிறந்த ஊரில் இருப்பதற்கு யாரிடம்டா மனு கொடுப்பது?" என்றார். பெரியப்பா பிள்ளைகள் பாரிசுக்குப் போனார்கள். நான் இங்கே குமாஸ்தா ஆனேன். ஓய்வுக்குப் பின் மனைவியின் ஊரான சின்னாளப்பட்டிக்கு வந்து சேர்ந்தேன்.

பிறகு எத்தனையோ ஆயிரம் தாள்களில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். எங்கள் குடும்பத்தின் பெரிய முடிவு மட்டும், எழுதப்படாத ஒரு தாளில் இருக்கிறது. அப்பா மேல் இருந்த கோபம் எப்போதோ போய்விட்டது.

உங்களில் யார் வீட்டிலாவது அந்த ஆறு மாதக் கதை இருந்தால், பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.