பால்மரத்திலிருந்து டயர் வரை



தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் மலைச்சாலை 1930களின் தொடக்கத்தில் போக்குவரத்துக்கு வந்தது. அன்று முதல் கேமரன் மலைக்கு வரும் அரிசியும், இங்கிருந்து இறங்கும் தேயிலையும் டயரின் மேல்தான் பயணம் செய்கின்றன. காய்கறி ஏற்றவும், குடும்பத்தோடு போகும்போது சாமான் ஏற்றவும் காரின் பின்னே டிரேய்லரை இழுத்துச் செல்பவர்களும் நம்மிடையே உண்டு. அதன் பழைய டயருக்கு மாற்று டயர் வாங்கும்போது விலையை மட்டும் கேட்டால் போதுமா? டயரின் வரலாறு இதற்கு விடை சொல்கிறது.

பச்சை ரப்பர் வெயிலில் இளகி ஒட்டும். குளிரில் விறைத்து வெடிக்கும். 1839இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் இக்குறை நீங்குவதைக் கண்டார். 1845இல் ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் தாம்சன் காற்று டயருக்குக் காப்புரிமை பெற்றார்; உலகம் அதை மறந்தது. 1888இல் பெல்பாஸ்ட் நகரக் கால்நடை மருத்துவர் ஜான் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்று டயரை மறுபடி உருவாக்கினார். சைக்கிளும் காரும் பெருகின. ரப்பருக்குப் பசி பிறந்தது.

அந்தப் பசியைத் தீர்த்தது மலாயா. ஹென்றி விக்கம் 1876இல் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டனுக்குக் கொண்டு போனார். 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. மரத்தைக் கெடுக்காமல் பட்டையைச் சீவும் முறையை அங்கே ரிட்லி வகுத்தார். காட்டை அழித்து, கன்று நட்டு, விடியுமுன் பால்மரம் சீவி, மங்கில் வடிந்த பாலைச் சுமந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் முன்னோர். உலகச் சாலைகளில் உருண்ட டயர்களில் அவர்களது உழைப்பும் கலந்திருந்தது.

டயரின் பக்கச் சுவரில் உள்ள குறிகளும் இவ்வரலாற்றின் பக்கங்களே. ‘பிளை’ என்பது முன்பு உள்ளே இருந்த பருத்தித் துணி அடுக்குகளின் எண்ணிக்கை. இன்று அது வலிமையின் அளவு மட்டுமே. பழைய வகை டயரில் இழைகள் குறுக்கும் மறுக்குமாக ஓடும். 1946இல் பிரான்சின் மிஷெலின் நிறுவனம் காப்புரிமை பெற்ற ரேடியல் டயரில் அவை ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடும். இரண்டும் வளைவில் வெவ்வேறாக நடந்துகொள்ளும். எனவே ஒரே அச்சில் இரு வகையையும் கலக்கக்கூடாது.

அடுத்தது சுமை எண். 100 என்றிருந்தால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். இரு சக்கர டிரேய்லருக்கு 1,600 கிலோ என்பது கடைசி எல்லை. அதற்குக் குறைவாகவே ஏற்ற வேண்டும். காற்று குறைந்தாலோ சுமை மிகுந்தாலோ பக்கச் சுவர் ஓயாமல் மடங்கிச் சூடேறும். இறக்கத்தில் வெடிக்கவும் கூடும். ஆகவே புறப்படுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றை அளக்க வேண்டும்.

கடைசியாக வயது. டிரேய்லர் ஓடும் நாளைவிட நிற்கும் நாளே அதிகம். ‘பூ’ தேயாமல் புதிதாகத் தெரியும். ஆனால் வெயிலிலும் காற்றிலும் ரப்பர் முதுமையடைந்து வெடிப்பு விட்டிருக்கும். 2000 முதல் தயாரிப்புத் தேதி 4 இலக்கங்களில் இருக்கிறது. 3518 என்றால் 2018ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். பத்து ஆண்டு கடந்த டயரைப் ‘பூ’ இருந்தாலும் மாற்றிவிட வேண்டும் என்பது தயாரிப்பாளர் பலரின் அறிவுரை.

வகை, சுமை, வயது: இம்மூன்றையும் பார்த்த பிறகே விலையைக் கேட்போம். வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளையைக் கடைக்கு அழைத்துச் சென்று, அந்த எண்களை வாசிக்கச் சொல்வோம். நம் முன்னோர் பாலெடுத்த பொருளை நாம் படித்தறிந்து வாங்குவதே முறை.