பழந்துவக்கும் மெய்ச்சரித்திரமும்



யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய வீடுகள் சிலவற்றிலே முன்னோர் வைத்துச் சென்ற வாளோ, துவக்கோ இருந்ததுண்டு. அதனோடு ஒரு கதையும் இருக்கும். அக்கதை மெய்யாவென்று அறிவது எவ்வாறு? யான் இழைத்த பிழையொன்றினைக் கொண்டே இதனை விளக்க விரும்புகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எமது வித்தியாலயத்திலே சரித்திரக் கண்காட்சியொன்றை நடத்தினோம். மாணவனொருவன் தன் பாட்டனார் வீட்டிலிருந்து, துருவேறிப் பயனற்றுப்போன நெடுந்துவக்கொன்றைக் கொணர்ந்தான். நல்லூரிலிருந்து அரசுபுரிந்த சங்கிலி மன்னனின் படைவீரர் ஏந்திய துவக்கு அஃது என்பது அவ்வீட்டார் வழிவழியாகக் கூறிவந்த செய்தி. யானும் ஆராயாது அவ்வண்ணமே அட்டையில் எழுதி வைத்தேன். மாணவர் கூட்டங்கூட்டமாக வந்து வணக்கத்தோடு பார்த்துச் சென்றனர்.

கண்காட்சி முடிந்தபின் அதனை வெயில் வெளிச்சத்திலே வைத்துப் பார்த்தேன். ஆண்டுதோறும் ஆயுத பூசையன்று சாத்திய சந்தனம், குழலின் அடிப்புறத்திலுள்ள இரும்புத் தகட்டிலே காய்ந்து தடித்திருந்தது. அதனை ஈரத்துணியால் மெல்ல ஒற்றியெடுத்தபோது இரண்டு சாட்சிகள் வெளிப்பட்டன.

முதலாவது சாட்சி, தீமூட்டும் பொறி. போர்த்துக்கேயத் தளபதி பிலிப் டி ஒலிவேரா சங்கிலி மன்னனைச் சிறைப்பிடித்தது 1619ஆம் ஆண்டில். அக்காலத்துப் படைகள் பெரிதும் பயன்படுத்தியவை, எரியுந் திரியை மருந்திலே தொடுவித்து வெடிக்கச் செய்யுந் திரித்துவக்குகளே. என் முன்னிருந்ததோ சக்கிமுக்கிக் கல்லைக் கவ்விப் பிடிக்கும் பொறியினை உடையது. அவ்வகைப் பொறி ஐரோப்பியப் படைகளிலே பெருவழக்காகப் பரவியது பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான்.

இரண்டாவது சாட்சி, தகட்டிலிருந்த முத்திரை. பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று முடியொன்றினை ஏந்தும் சிங்கம் அது. யாழ்ப்பாண அரசரின் காசுகளிலே நாம் காண்பது நந்தியும், ‘சேது’ என்னுஞ் சொல்லுமாகும். முடியேந்திய சிங்கமோ ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பனி ஏறத்தாழ 1808ஆம் ஆண்டு முதல் தன் துவக்குகளிற் பொறித்த அடையாளம். சங்கிலி மன்னனுக்கும் அத்தகட்டுக்கும் இடையே ஏறக்குறைய 190 ஆண்டுகள் நிற்கின்றன.

பழைய குழலிலே பிற்காலத்துப் பொறியை யாரேனும் பூட்டியிருத்தல் கூடாதோ எனின், கூடும். ஆகையால் ஓர் உறுப்பை மாத்திரம் பார்த்துத் தீர்ப்புக் கூறலாகாது. தகடு மரத்திலே இடைவெளியின்றிப் பொருந்துகின்றதா, அடைக்கப்பட்ட பழைய ஆணித்துளைகள் உளவா, உறுப்புக்கள் யாவும் ஒத்த அளவிலே தேய்ந்துள்ளனவா என்று நோக்குதல் வேண்டும். எமது துவக்கிலே எல்லா உறுப்புக்களும் ஒன்றுக்கொன்று இசைந்தே இருந்தன.

முத்திரை பொய் சொல்வதும் உண்டு. கைபர் கணவாய்ப் பகுதிக் கம்மியர் ஆங்கிலேயத் துவக்குகளைப் பார்த்துக் கையாலேயே செய்த படிகள் உலகெங்கும் பெயர்பெற்றவை. ஆங்கில எழுத்தறியாது முத்திரை பொறித்தமையால் அவற்றிற் சிலவற்றிலே ‘என்’ எழுத்து இடவலம் மாறி நிற்கும். வேறு சிலவற்றிலே விக்டோரியா மகாராணியின் பெயரெழுத்தின் கீழ், அவர் மறைந்த 1901ஆம் ஆண்டிற்குப் பிற்பட்ட ஆண்டு காணப்படும்.

அண்மைக்காலத்து ஆயுதத்துக்கும் இதே நெறிதான். இரண்டாம் உலகப் போரிலே, தொலைவிலுள்ள இலக்கைக் குறிபார்த்துச் சுடுவதற்கென்று, நான்காம் இலக்க லீ என்பீல்ட் துவக்குகளிலே தொலைநோக்கி பொருத்தப்பட்டது. அவ்வேலையைப் பெரும்பாலுஞ் செய்தது இலண்டனிலுள்ள ஹொலண்ட் அன்ட் ஹொலண்ட் நிறுவனம். ஒவ்வொரு துவக்குக்கும் ஒவ்வொரு தொலைநோக்கி தனியே இசைவிக்கப்பட்டமையால், தொலைநோக்கியின் இலக்கம் துவக்கின் மரப்பிடியாகிய சோங்கிலும், துவக்கின் இலக்கம் தொலைநோக்கியைத் தாங்குஞ் சட்டத்திலும் பொறிக்கப்பட்டன. இன்று இவை பெருவிலை பெறுவதனால், சாதாரணத் துவக்கிலே தொலைநோக்கியைப் பூட்டி ஏமாற்றுவோரும் உளர். இலக்கங்கள் ஒத்தால் மாத்திரம் போதாது. தேய்ந்த மரத்திலே எழுத்து மாத்திரம் கூர்மையாகப் புதிதாய் நின்றால் ஐயுறுதல் வேண்டும்.

துவக்கினைத் திருப்பிக் கொடுக்கச் சென்றபோது, பாட்டனாரிடம் உண்மையைக் கூறினேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், “அப்பிடியெண்டால் எங்கட ஐயா சொன்னது பொய்யோ, மாஸ்ரர்?” என்று கேட்டார்.

“ஐயா, உங்கள் தந்தையார் தாம் கேட்டதையே சொன்னார், அவர்மீது குற்றமில்லை. ஆராயாமல் எழுதிவைத்த குற்றம் என்னுடையது” என்றேன். அந்தச் சிங்கத்தைக் காட்டி, 1795ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்தை ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றியதையும், அதன்பின் வந்த காலத்தையும் எடுத்துரைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியை அணிந்துகொண்டு அம்முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். எழுபது ஆண்டுகள் பூசை செய்தும் அவர் அதனைக் கண்டதில்லை.

மறுநாட் காலைக் கூட்டத்திலே மாணவர் முன் என் பிழையை ஒப்புக்கொண்டு, பழைய அட்டையைக் கிழித்துப் புதியதை எழுதினேன். சங்கிலி மன்னனின் பெருமை அதனாற் குறையவில்லை. நாம் கற்பித்துக்கொண்ட சான்று அவனுக்கு வேண்டுவதுமில்லை.

உங்கள் வீட்டிலும் இத்தகைய பழம்பொருள் இருக்குமாயின், புளியிட்டுத் துலக்காதீர்கள், உரைத்து மினுக்காதீர்கள். துலக்கும்போது அழிவது அழுக்கு மாத்திரமன்று. கேட்ட கதையை ஒரு தாளிலும், கண்ட அடையாளங்களை வேறொரு தாளிலும் எழுதி வையுங்கள். இரண்டும் ஒத்துவருமா என்பதைப் பிற்பாடு ஆராயலாம்.