தங்கவயலின் பாறையும் அணுச்சோதனைத் தடையும்

கோலார் தங்கவயல் என்றதும் தங்கம், சயனைடு மேடுகள், 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்ட சுரங்கம் ஆகியவையே நினைவுக்கு வருகின்றன. அந்த மாவட்டத்தின் பாறைக்கு ஆயுதக் களைவு வரலாற்றிலும் ஓர் இடம் உண்டு என்பது தமிழில் அதிகம் எழுதப்படாத செய்தி. தங்கவயலிலிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்று அப்பால், அன்றைய கோலார் மாவட்டத்தைச் சேர்ந்த கௌரிபிதனூரில், 1965-இல் ஒரு நில அதிர்வுப் பதிவு அணிவரிசை அமைக்கப்பட்டது. (2007 முதல் அவ்வூர் சிக்கபள்ளாப்பூர் மாவட்டத்தில் உள்ளது.) தொலைதூர நாடுகளில் நிலத்தடியில் நிகழும் அணுவெடிப்புகளைக் கண்டறிவதே அதன் தலையாய நோக்கம்.

இத்தகைய கருவியின் தேவை எங்கிருந்து எழுந்தது? 1954 மார்ச் 1 அன்று அமெரிக்கா பிகினித் தீவில் வெடித்த ஹைட்ரஜன் குண்டின் கதிரியக்கச் சாம்பல், ஜப்பானிய மீன்பிடிப் படகொன்றின் மீது படிந்தது. அடுத்த மாதமே, ஏப்ரல் 2 அன்று, இவ்வகைச் சோதனைகளையாவது நிறுத்திவைக்க ஓர் உடன்பாடு வேண்டுமென நேரு நாடாளுமன்றத்தில் கோரினார். 1962-இல் ராஜாஜி, காந்தி அமைதி நிறுவனத்தின் தூதுக்குழுவுடன் வாஷிங்டன் சென்று, அதே வேண்டுகோளை அதிபர் கென்னடியிடம் முன்வைத்தார். கோலார் எல்லையை அடுத்த ஓசூர் வட்டாரத்துத் தொரப்பள்ளியில் பிறந்த அவருக்கு அப்போது வயது 83.

1963 ஆகஸ்ட் 5 அன்று மாஸ்கோவில் பகுதிச் சோதனைத் தடை உடன்படிக்கை கையொப்பமாயிற்று. வளிமண்டலம், விண்வெளி, நீரடி ஆகிய மூன்றிலும் சோதனை தடைசெய்யப்பட்டது. நிலத்தடி மட்டும் விடுபட்டது. அறிவியல் சார்ந்ததும் அரசியல் சார்ந்ததுமான ஒரு சிக்கலே அதற்குக் காரணம். நிலத்தடி வெடிப்பையும் இயற்கை நிலநடுக்கத்தையும் தொலைவிலிருந்து ஐயமறப் பிரித்தறிய முடியுமா? முடியாதென்றால் ஐயத்துக்குரிய இடத்தை நேரில் சென்று பார்க்க வேண்டும். ஆண்டுக்கு மூன்று நேரடிச் சோதனைகளுக்குமேல் அனுமதிக்கச் சோவியத் ஒன்றியம் மறுத்தது. ஏழுக்குக் கீழே அமெரிக்கா இறங்கவில்லை. மூன்றுக்கும் ஏழுக்கும் இடையிலான அந்தப் பிணக்கில் முழுமையான தடை கைநழுவிற்று. நிலத்தடிச் சோதனைகள் மேலும் பல்லாண்டுகள் தொடர்ந்தன.

இந்த இடைவெளியைக் குறைக்கும் முயற்சியின் ஒரு பகுதியாகவே கௌரிபிதனூரை நோக்க வேண்டும். பிரிட்டன் அணுசக்தி ஆணையத்தின் ஆய்வாளர்கள் ஸ்காட்லாந்தின் எஸ்க்டேல்மூர், கனடாவின் யெல்லோநைஃப், ஆஸ்திரேலியாவின் வாரமுங்கா ஆகிய இடங்களில் ஒரே அடிப்படையில் அணிவரிசைகளை உருவாக்கினர். இந்திய அணுசக்தித் துறையின் ஒத்துழைப்போடு அவ்வரிசையில் கௌரிபிதனூரும் சேர்ந்தது. கடலோர அலைச்சலுக்கு எட்டாத, தொன்மையும் உறுதியும் வாய்ந்த தீபகற்பப் பாறை இங்கே உண்டு. அப்பாறையில் இரைச்சல் குறைவு. மேலும், சோவியத் சோதனைக்களமான செமிபலாட்டின்ஸ்க் ஏறத்தாழ நேர்வடக்கே 4,000 கிலோமீட்டர் தொலைவிலும், சீனாவின் லாப் நூர் அதனினும் சற்றுக் குறைந்த தொலைவிலும் உள்ளன. பூமியின் ஆழத்தினூடே வளைந்து வரும் முதன்மை அலை தெளிவாகப் பதிவாகத் தொடங்கும் தொலைவு இது.

அணிவரிசையின் செயல்முறை எளிய கருத்தொன்றைச் சார்ந்தது. ஆங்கில 'எல்' எழுத்தின் வடிவில் இரு கைகளாக 20 அதிர்வுமானிகள் பரப்பப்பட்டுள்ளன. தொலைவிலிருந்து வரும் அலை ஒவ்வொன்றையும் சற்றே வேறுபட்ட கணத்தில் தொடுகிறது. அந்தக் கால வேறுபாட்டிலிருந்து அலையின் திசையும் வேகமும் கணிக்கப்படுகின்றன. வேறுபாட்டை ஈடுசெய்து பதிவுகளை ஒன்றாகக் கூட்டினால், மெய்யான குறிகை வலுப்பெறும், ஒழுங்கற்ற இரைச்சல் தேயும். இருபது கருவிகள் சேரும்போது தெளிவு ஏறக்குறைய நான்கரை மடங்கு உயர்கிறது. வெடிப்பு எல்லாத் திசைகளிலும் ஒருசேரத் தள்ளுகிறது. நிலநடுக்கமோ பாறை வழுக்குவதால் நிகழ்வது. ஆகவே வெடிப்பில் முதன்மை அலையோடு ஒப்பிடுகையில் மேற்பரப்பு அலைகள் மெலிந்திருக்கும். பிரித்தறிதலுக்கு இந்த வேறுபாடு முக்கியமான அடிப்படையாயிற்று.

நிலம் அதிர்வதைத் தங்கவயல் மக்கள் கருவியின்றியே அறிவர். மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், அழுத்தம் தாங்காது பாறை திடீரென வெடித்துச் சிதறுவதை அவர்கள் 'ஏர் பிளாஸ்ட்' என்றனர். வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து வந்து குடியேறிய தமிழ்த் தொழிலாளர் பலரின் உயிரைக் குடித்த சொல் அது. சுரங்கப் பாறைவெடிப்பையும் சிறு அணுவெடிப்பையும் தொலைவிலிருந்து வேறுபடுத்துவது சரிபார்ப்பு அறிவியலின் கடினமான பகுதிகளுள் ஒன்று. தொழிலாளியின் பாதுகாப்புக்கும் உடன்படிக்கையின் உறுதிக்கும் தேவைப்பட்ட அறிவு ஒன்றே.

அதே 1965-இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்தில் வேறொரு பன்னாட்டு முயற்சி வெற்றி கண்டது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், பிரிட்டனின் டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் அறிஞர்கள் இணைந்து, வளிமண்டல நியூட்ரினோவின் தடயத்தை முதன்முறையாக வெளியிட்டனர். ஹிரோஷிமா நிகழ்ந்து இருபது ஆண்டுகளே ஆகியிருந்தன. போரில் எதிரெதிர் நின்ற இரு நாடுகளின் ஆய்வாளர்கள், அண்மையில் விடுதலை பெற்ற நாடொன்றின் சுரங்கத்தில் ஒன்றாகப் பணியாற்றினர். அவர்களையும் அவர்களது கருவிகளையும் அந்த ஆழத்துக்கு இறக்கியது தங்கத்துக்காக அமைந்த சுரங்கமும் அதன் தொழிலாளர் உழைப்புமே.

இந்த வரலாற்றைப் புகழுரையாக மட்டும் முடித்துவிட இயலாது. கௌரிபிதனூரை இயக்கும் பாபா அணு ஆராய்ச்சி மையமே 1974 மே 18 அன்று பொக்ரானில் வெடித்த சாதனத்தையும் வடிவமைத்தது. பிறர் வெடிப்பைக் கேட்கும் செவியும் வெடிக்கும் கையும் ஓருடலைச் சேர்ந்தவையாயின. 1996-இல் முழுச் சோதனைத் தடை உடன்படிக்கை உருவானபோது, அணு ஆயுதங்களை ஒழிக்கக் காலவரையறை இல்லையெனக் கூறி இந்தியா கையொப்பமிட மறுத்தது.

தமிழில் நாம் 'ஆயுதக் குறைப்பு', 'ஆயுதக் களைவு' என்னும் இரு சொற்களை வேறுபாடின்றி வழங்குகிறோம். குறைப்பு அளவைப் பற்றியது. களைவு, களையைப் போல வேரோடு பிடுங்குவதைப் பற்றியது. உலகம் குறைப்பைக்கூட முழுமையாகச் செய்யாமல் நம்மைக் கட்டுப்படுத்துகிறது என்பது இந்தியாவின் வாதம். அவ்வாதத்தில் நியாயம் உண்டு. எனினும் இரண்டாண்டுகளில், 1998 மே மாதத்தில், நாமும் மீண்டும் வெடித்தோம் என்பதையும் அதனருகே வைத்தே படிக்க வேண்டும்.

விளைவு இது. வாரமுங்காவும் யெல்லோநைஃபும் இன்று பன்னாட்டுக் கண்காணிப்பு வலையின் முதன்மை நிலையங்கள். அவற்றோடு பிறந்த கௌரிபிதனூர் அவ்வலைக்கு வெளியே நிற்கிறது. அதன் பதிவுகள் நம் நாட்டுக்குப் பயன்படுகின்றன. எல்லா நாடுகளும் ஒருசேர நம்பத்தக்க பொதுச் சான்றாக அவை அமையவில்லை. கையொப்பமிடாமலேயே, தன்விருப்பமாகத் தரவைப் பகிர்வது குறித்து நம்மிடையே விவாதமேனும் தொடங்கலாம். நேருவும் ராஜாஜியும் கேட்டது நம்பிக்கையை. நம்பிக்கை சொல்லால் மட்டும் பிறப்பதில்லை. எவரும் சரிபார்க்கத்தக்க பதிவிலிருந்தும் பிறக்கிறது.

தங்கவயலில் பணியாற்றிய குடும்பங்களைச் சேர்ந்தோர் இதனைப் படிக்க நேர்ந்தால், 'ஏர் பிளாஸ்ட்' குறித்தும் சுரங்க ஆய்வுக்கூடம் குறித்தும் வீட்டுப் பெரியோர் சொன்னவற்றை எழுதி வையுங்கள். அறிவியல் ஏடுகளில் அறிஞர் பெயர்கள் உள்ளன. அவர்களை இறக்கி ஏற்றியவர்களின் சொற்கள் இன்னும் ஏட்டில் ஏறவில்லை.