படமும் படத்தின் கீழ் எழுதும் வரியும்

யுத்தத்தால் ஊரைவிட்டுப் புறப்பட்ட மக்களைத் தேடி மாவும் போர்வையும் கூடாரமும் வரும்போது, கூடவே ஒரு கமெராவும் வந்து சேர்கிறது. கொடுப்பவர் தூர தேசத்தில் இருக்கிறார். மக்கள் படும் கஷ்டத்தை அவர் கண்ணுக்குக் காட்டினால்தான் அடுத்த வருடத்துக்கான பணம் வரும். நிவாரணமும் நிழற்படமும் இவ்வாறு சேர்ந்து நடந்த வரலாறு பல தேசங்களில் உண்டு. அவற்றுள் மிக நீண்டவற்றில் ஒன்று பலஸ்தீன அகதிகளுடையது.

1948ஆம் ஆண்டு யுத்தத்தில் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட பலஸ்தீனர் வீடுவாசல்களை இழந்தனர். ஆரம்பத்தில் செஞ்சிலுவை அமைப்புகளும், காஸாவில் குவேக்கர் எனும் கிறிஸ்தவப் பிரிவினரின் சேவை அமைப்பும் அவர்களுக்கு உணவு பங்கிட்டன. 1949 டிசெம்பர் 8ஆம் திகதி ஐ.நா. பொதுச் சபை தனது 302ஆம் இலக்கத் தீர்மானத்தின் மூலம் இவர்களுக்கென ஒரு நிவாரண முகவரகத்தை அமைத்தது. அது 1950 மே முதலாம் திகதி பணியைத் தொடங்கியது. அதன் செலவில் பெரும்பகுதி அரசாங்கங்கள் விரும்பிக் கொடுக்கும் நன்கொடையிலேயே தங்கியிருந்தது. எனவே படப்பிடிப்பாளர்களும் அதன் ஊழியர்களாயினர்.

அவர்கள் எடுத்த படங்களைப் பார்த்தால் ஒரு சமூகத்தின் அகதி வாழ்வு முழுவதும் கண்முன் விரியும். சேற்றில் நிற்கும் கூடாரங்கள், பங்கீட்டு வரிசைகள், வெட்டவெளியில் நடக்கும் வகுப்புகள் எனப் பல. 1967 ஜூன் யுத்தத்தின்போது ஜோர்தான் நதியின் மேலிருந்த அலன்பி பாலம் உடைந்து சரிந்தது. அந்த இடிபாடுகளின் மீது மூட்டைகளோடு தவழ்ந்து கடக்கும் மக்களை அப்படங்களில் காணலாம். மறு ஆண்டு அம்மானுக்கு அருகே அமைக்கப்பட்ட பகாஆ முகாமில் 26,000 பேருக்கு 5,000 கூடாரங்கள் இருந்தன. அக்கூடாரக் காடும் படமாகியிருக்கிறது. நெகட்டிவ்கள் மட்டும் ஏறத்தாழ 430,000 கொண்ட இக்களஞ்சியத்தை 2009இல் யுனெஸ்கோ ‘உலக நினைவகம்’ பதிவேட்டில் சேர்த்தது.

ஆயினும் இப்படங்களில் ஒரு குறை உண்டு. நிவாரண முகவரகத்தின் வேலை சோறும் பாடசாலையும் மருந்தும் கொடுப்பது. யார் விரட்டினார், எப்போது திரும்புவார் என்ற அரசியல் கேள்விகள் அதன் பொறுப்புக்கு வெளியே நின்றன. அதனால் பல படங்களின் கீழே முகாமின் பெயரும் ஆண்டும் ‘அகதிகள்’ என்ற சொல்லும் மாத்திரம் இடம்பெற்றன. பசி தெரிந்தது, பசித்தவரின் பெயர் தெரியவில்லை. கூடாரம் தெரிந்தது, அதற்கு முன் அவர் வாழ்ந்த கிராமம் தெரியவில்லை.

1983இல் ஜெனீவாவில் பலஸ்தீனப் பிரச்சினை பற்றிய ஐ.நா. மாநாடு நடைபெற்றபோது இக்குறை வெளிப்படையாகவே புலப்பட்டது. மாநாட்டின் ஆலோசகராயிருந்த எட்வர்ட் சயீத், ஜீன் மோர் எடுத்த பலஸ்தீனர் படங்களை மண்டபத்தில் வைக்க ஏற்பாடு செய்தார். மோர் என்பவர் சுவிற்சர்லாந்துக்காரர். படப்பிடிப்புக்கு வருமுன்பே செஞ்சிலுவைப் பணியாளராக பலஸ்தீன அகதிகளிடையே வேலை செய்தவர். படங்களைத் தொங்கவிடலாம், ஆனால் அவற்றோடு விளக்கம் எதுவும் எழுதக்கூடாது என்று பதில் வந்தது. இறுதியில் இடத்தின் பெயரை மட்டும் குறிப்பிட இணக்கம் காணப்பட்டது. படத்தைக் கண்டு அரசாங்கங்கள் அஞ்சவில்லை, அதன் கீழ் எழுதப்படக்கூடிய இரண்டு வரிகளுக்கே அஞ்சின என்பது இங்கு கவனிக்கத்தக்கது.

மறுக்கப்பட்ட அவ்வரிகளை ஒரு நூலாகவே சயீத் எழுதினார். மோரின் படங்களோடு 1986இல் ‘ஆஃப்டர் த லாஸ்ட் ஸ்கை’ என்ற பெயரில் அது வெளிவந்தது. அதில் ஒரு மூதாட்டியின் படம் உண்டு. அகதி வாழ்வின் பொதுவான முகமாகவே சயீத் அதை முதலில் பார்த்தார். அவருடைய சகோதரியோ, அது தமக்குத் தெரிந்த இன்னார் என்று கண்டுகொண்டார். அக்கணமே அவர் ஓர் அடையாளச் சின்னமாக இருந்த நிலை மாறி, பெயரும் உறவும் உள்ள ஒரு மனுஷியாகிவிட்டார்.

நிவாரணப் படத்தின் வலிமை இன்றும் குறையவில்லை. 2014 ஜனவரி 31ஆம் திகதி டமஸ்கஸின் யர்மூக் முகாமில், தகர்ந்த கட்டடங்களுக்கிடையே உணவுக்காகக் கூடிய சனசமுத்திரத்தை முகவரகம் எடுத்த படம் உலகை உலுக்கியது. 2023 ஒக்டோபரின் பின் காஸாவில் பத்தில் ஒன்பது பங்கினர் இடம்பெயர்ந்ததாக ஐ.நா. கணக்கிட்டது. அந்த யுத்தத்தில் வெளிநாட்டு ஊடகவியலாளர் தாமாக உள்ளே செல்ல இஸ்ரேல் இடமளிக்கவில்லை. எனவே படம் எடுத்தவர்களும் இடம்பெயர்ந்தவர்களாகவே இருந்தார்கள். அவர்கள் படத்தோடு பெயரையும் தெருவையும் சேர்த்தே அனுப்பினார்கள்.

இக்கேள்வி நமக்கும் அந்நியமானதன்று. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினர். அவர்களுள் பெரும்பாலானோர் புத்தளத்தைத் தஞ்சமடைந்தனர். நான் இம்மாவட்டத்தின் ஒரு கிராமப் பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறேன். வீட்டிலுள்ள பழைய படங்களைக் கொண்டுவரச் சொன்னால், சில பிள்ளைகள் முகாமில் எடுத்த படங்களையே கொண்டுவருகிறார்கள். கிடுகுக் கொட்டில், தண்ணீர்க் குடங்கள், வெயிலில் கண்கூசி நிற்கும் ஐந்தாறு பேர். எந்த நிறுவனத்துக்காக யார் எடுத்தார் என்று எவருக்கும் தெரியாது. பின்புறம் வெறுமையாக இருக்கும். ஆனால் பிள்ளையின் உம்மம்மாவிடம் காட்டினால், இடமிருந்து வலமாக ஒவ்வொருவரின் பெயரையும், விட்டுவந்த ஊரையும், அங்கிருந்த கிணற்றையும் சொல்லி முடிப்பார்.

அந்த உம்மம்மாமார் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருகிறார்கள். கொடுத்தவர்கள் அப்படங்களைத் தம் அறிக்கைகளுக்குப் பயன்படுத்தி முடித்துவிட்டார்கள். நமக்கு அவற்றில் இன்னும் வேலை இருக்கிறது. படத்தின் பின்னால் பென்சிலால் பெயர், ஊர், ஆண்டு, வெளியேறிய நாள் ஆகியவற்றை எழுதிவைக்க வேண்டும். இதற்குப் பெரிய நிறுவனமோ நிதியோ தேவையில்லை. அவரிடம் கேட்டு எழுத ஒரு பிள்ளை போதும்.