1933 ஏப்ரல் 8: மேற்கு ஆஸ்திரேலியாவின் இரட்டைத் தீர்ப்பு

1933 ஏப்ரல் 8, சனிக்கிழமை. மேற்கு ஆஸ்திரேலிய வாக்காளர்கள் அன்று ஒரே நாளில் இரண்டு தீர்ப்புகளை எழுதினார்கள். ஆஸ்திரேலியக் கூட்டாட்சியிலிருந்து தங்கள் மாநிலம் விலக வேண்டுமா என்ற கேள்விக்கு மூவரில் இருவர் ‘ஆம்’ என்றார்கள். ஆதரவு 1,38,653 வாக்குகள், எதிர்ப்பு 70,706. அன்றே நடந்த சட்டமன்றத் தேர்தலில், பிரிவினையை வெளிப்படையாக ஆதரித்து இந்த வாக்கெடுப்பைக் கொண்டுவந்த முதல்வர் சர் ஜேம்ஸ் மிட்செலின் அரசை வீட்டுக்கு அனுப்பினார்கள். பிரிவினையை ஆதரிக்காத தொழிற்கட்சி, பிலிப் கோலியரின் தலைமையில் ஆட்சிக்கு வந்தது. மிட்செல் தன் சொந்தத் தொகுதியான நார்தமிலேயே தோற்றுப்போனார்.

இதை வாக்காளரின் குழப்பம் என்று சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். அப்படிக் கடப்பது தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். அந்த இரண்டு முடிவுகளும் ஒரே கோபத்திலிருந்து பிறந்தவை. அந்தக் கோபத்தின் வேர், மாநிலம் கூட்டாட்சியில் சேர்ந்த விதத்திலேயே இருக்கிறது. எனவே கதையை 1900இலிருந்து தொடங்க வேண்டும்.

மேற்கு ஆஸ்திரேலியா 1890இல்தான் தன்னாட்சி பெற்ற குடியேற்றம். அப்போது அதன் மக்கள்தொகை அரை லட்சத்தை எட்டவில்லை. 1892இல் கூல்கார்டியிலும் அடுத்த ஆண்டு கால்கூர்லியிலும் தங்கம் கண்டெடுக்கப்பட்டதும், விக்டோரியாவிலிருந்தும் பிற கிழக்குக் குடியேற்றங்களிலிருந்தும் ஆட்கள் வந்து குவிந்தார்கள். பத்தே ஆண்டுகளில் மக்கள்தொகை ஒன்றே முக்கால் லட்சத்தைத் தாண்டியது. பழைய குடியேறிகளான பண்ணையாளர்களும் பெர்த் நகர வணிகர்களும் கூட்டாட்சியை ஐயத்தோடு பார்த்தார்கள். கிழக்கின் தொழிற்சாலைகள் தங்கள் சந்தையை விழுங்கிவிடும் என்று அஞ்சினார்கள். தங்கவயல்காரர்களுக்கோ கிழக்குதான் சொந்த ஊர். பெர்த் அரசு கூட்டாட்சியில் சேர மறுத்தால் தங்கவயல் பகுதியைத் தனிக் குடியேற்றமாகப் பிரித்துத் தரும்படி, ஆயிரக்கணக்கான கையெழுத்துகளோடு அரசிக்கே மனு அனுப்பினார்கள். ஆக, இம்மாநிலத்தில் முதலில் எழுந்த பிரிவினைக் குரல் கூட்டாட்சியில் சேருவதற்காக எழுந்தது.

முதல்வர் ஜான் பாரஸ்ட் பேரம் பேசிப் பார்த்தார். கிடைத்தது ஒரே ஒரு சலுகை. அரசமைப்பின் 95ஆம் பிரிவுப்படி, மாநிலம் ஐந்தாண்டுகளுக்கு மட்டும் பிற மாநிலச் சரக்குகள் மீது தன் சுங்கவரியை வைத்துக்கொள்ளலாம். அதுவும் ஆண்டுக்கு ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துகொண்டே வரவேண்டும். 1900 ஜூலை 31இல் நடந்த வாக்கெடுப்பில் 44,800 பேர் சேரலாம் என்றும் 19,691 பேர் வேண்டாம் என்றும் வாக்களித்தார்கள். இந்தப் பெரும்பான்மையைத் தந்தவை தங்கவயல் தொகுதிகள். ஊர்ப்புறப் பண்ணை மாவட்டங்களில் எதிர்ப்பே மிகுந்திருந்தது.

இங்கே ஒரு சட்ட நுணுக்கத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் அரசமைப்புச் சட்டத்துக்கு அரச ஒப்புதல் கிடைத்தது 1900 ஜூலை 9இல். மேற்கு ஆஸ்திரேலியா வாக்களிக்கும் முன்பே. அதனால், ‘பிரிக்கவொண்ணாத’ கூட்டாட்சியில் இணைய ஒப்புக்கொண்டவர்கள் என்று முகவுரை வரிசைப்படுத்தும் ஐந்து குடியேற்றங்களில் மேற்கு ஆஸ்திரேலியாவின் பெயர் இல்லை. உள்ளே வரும் ஒரு விதியில், அதன் மக்கள் ஒப்புக்கொண்டால் அதுவும் சேரும் என்று மட்டும் இருக்கிறது. முப்பது ஆண்டுகள் கழித்துப் பிரிவினைவாதிகள் இந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டார்கள். ‘பிரிக்கவொண்ணாத’ என்று நாங்கள் சொல்லவில்லையே என்று வாதிட்டார்கள். கெட்டிக்காரத்தனமான வாதம்தான், ஆனால் வழக்கு நின்றதும் விழுந்ததும் அதில் இல்லை.

சேர்ந்த ஆறாண்டுக்குள், 1906இல், சட்டமன்றத்தில் விலகல் தீர்மானம் நிறைவேறிவிட்டது. அப்போது அது செயலுக்கு வரவில்லை. கால்கூர்லியையும் போர்ட் அகஸ்டாவையும் இணைக்கும் ரயில்பாதை 1917இல் முடிந்தபோது சற்று மனம் குளிர்ந்திருக்கலாம். ஆனால் உண்மையான சிக்கல் காப்பு வரியில் இருந்தது. கிழக்கு மாநிலங்களின் தொழில்களை வளர்க்க, இறக்குமதிச் சரக்குகள் மீது கூட்டாட்சி அரசு மேன்மேலும் வரி ஏற்றியது. 1908, 1921, 1929-30 என ஒவ்வொரு கட்டத்திலும் சுவர் உயர்ந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவோ கோதுமை, கம்பளி, தங்கம், மரம் ஆகியவற்றை உலகச் சந்தை விலைக்கு விற்றுப் பிழைக்கும் மாநிலம். விற்கும்போது லண்டன் விலை. வாங்கும்போது மெல்போர்ன் விலை.

ஒரு கோதுமை விவசாயியின் நிலையில் நின்று பாருங்கள். அவர் வாங்கும் அறுவடை இயந்திரம் விக்டோரியாவில் செய்தது. வெளிநாட்டு இயந்திரம் மலிவாகக் கிடைத்தாலும் வரி அதை எட்டாத விலையில் வைத்திருந்தது. வீட்டில் தேநீருக்குப் போடும் சர்க்கரை குவீன்ஸ்லாந்துக் கரும்பில் செய்தது. வெளிச் சர்க்கரை நாட்டுக்குள் வரவே தடை. ஆஸ்திரேலியத் துறைமுகங்களுக்கு இடையே சரக்கு ஏற்றும் கப்பல்கள் ஆஸ்திரேலியக் கூலி விகிதத்தில்தான் ஓட வேண்டும் என்றது கடல் போக்குவரத்துச் சட்டம். கடலை நம்பியே வாழும் மேற்குக் கரைக்கு அந்தச் செலவும் வந்து சேர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் தேசிய அளவில் ஒரு நியாயம் உண்டு. எல்லாம் சேர்ந்து ஒரே முதுகில் ஏறியதுதான் குறை.

இதை மேற்கத்தியர் மட்டும் சொல்லவில்லை. 1925இல் அறிக்கை தந்த அரச ஆணையம் கூட்டாட்சியால் மாநிலத்துக்கு உண்மையான பாதிப்பு உண்டு என்று ஏற்றது. அதன்பின் சிறப்பு மானியம் வந்தது. 1929இல் பிரிக்டன் தலைமையிலான பொருளியலாளர் குழுவும், காப்பு வரியின் சுமை ஏற்றுமதி விவசாய மாநிலங்கள் மீது சமமின்றி விழுகிறது என்று காட்டியது. மானியம் வந்தாலும் வரிக் கொள்கை மாறவில்லை. தேவைப்பட்டபோது கையேந்த வேண்டிய நிலை, சுயமரியாதை உள்ள எந்த மக்களுக்கும் கசக்கும். பிரிவினைப் பேச்சின் சூட்டைப் புரிந்துகொள்ள, வரவுசெலவுக் கணக்கைப் போலவே இந்தக் கசப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

பிறகு பெருமந்தம் வந்தது. 1930இல் ஸ்கல்லினின் கூட்டாட்சி அரசு, அந்நியச் செலாவணி ஈட்டுவதற்காகக் கோதுமையைக் கூடுதலாகப் பயிரிடுங்கள் என்று விவசாயிகளைக் கேட்டுக்கொண்டது. புஷலுக்கு 4 ஷில்லிங் உறுதி என்றது. விவசாயிகள் விதைத்தார்கள், அமோக விளைச்சல். விலை 2 ஷில்லிங் அளவுக்குச் சரிந்தது. உறுதி சொன்ன மசோதாவை மேலவை நிராகரித்தது. கடனில் விதைத்தவர் கடனிலேயே அறுத்தார். ‘கூட்டாட்சி நம்மைக் கைவிட்டது’ என்ற சொல் கோதுமைப் பட்டி ஊர்களில் ஒரு கட்சியின் கோஷமாக இல்லாமல் அனுபவமாகவே மாறியது அந்த ஆண்டில்தான்.

அதே 1930இல் டொமினியன் லீக் தொடங்கப்பட்டது. அதன் முன்னணியில் நின்றவர் எச். கே. வாட்சன் என்ற முப்பது வயதுக் கணக்காளர். ‘சண்டே டைம்ஸ்’ இதழின் உரிமையாளர் ஜேம்ஸ் மெக்காலம் ஸ்மித் ஏற்கெனவே பல ஆண்டுகளாகப் பிரிவினையை எழுதிவந்தவர். இவர்கள் குடியரசு கேட்டவர்கள் அல்லர். பிரிட்டிஷ் முடியின்கீழ், கனடாவையும் நியூசிலாந்தையும் போலத் தனி டொமினியனாக இருக்கவே விரும்பினார்கள். தாய்நாட்டின்மேல் பற்று, தங்களை ஆளும் கான்பராவின்மேல் வெறுப்பு. இந்த இரண்டும் ஒரே மேடையில் முழங்கின.

எதிர்த்தரப்பு தாமதமாகத்தான் எழுந்தது. கூட்டாட்சி ஆதரவாளர்கள் தனிச் சங்கம் அமைத்தது வாக்கெடுப்பு நெருங்கிய பிறகே. அவர்களது வாதங்கள் வலுவானவை: 25 லட்சம் சதுர கிலோமீட்டர் நிலத்தில் ஏறத்தாழ 4.4 லட்சம் மக்கள். இவர்கள் தனித்துக் கடற்படை வைப்பதெப்படி? பொதுக்கடனில் நம் பங்கை யார் சுமப்பது? 1931இல் ஜப்பான் மஞ்சூரியாவுக்குள் நுழைந்த காலம் அது. பாதுகாப்பு பற்றிய அச்சம் வெற்று மிரட்டலாக இருக்கவில்லை. பிரதமர் ஜோசப் லையன்ஸே, மூத்த மேற்கு ஆஸ்திரேலிய செனட்டர் ஜார்ஜ் பியர்ஸையும் அழைத்துக்கொண்டு பரப்புரைக்கு வந்தார். பெர்த்தில் அவர்களுக்குக் கிடைத்தது கூச்சலும் குறுக்கீடும். முப்பது ஆண்டுகளாகக் கேட்ட பதில் கிடைக்காதவர்களிடம், வாக்குப்பதிவுக்குச் சில நாள் முன்பு வந்து நியாயம் பேசினால் யார் காது கொடுப்பார்கள்?

வாக்குச்சீட்டில் இரண்டு கேள்விகள் இருந்தன. முதலாவது விலகலைப் பற்றியது. இரண்டாவது, அரசமைப்பைத் திருத்த ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் சம எண்ணிக்கையில் பிரதிநிதிகள் கூடும் மாநாடு ஒன்றைக் கூட்டலாமா என்பது. நடுவழி தேடுவோருக்கான கதவு அது. வாக்காளர்கள் அதையும் சாத்தினார்கள்: ஆதரவு 88,275, எதிர்ப்பு 1,19,031. பதிவான வாக்காளரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வந்து வாக்களித்தார்கள். தங்கவயல் தொகுதிகளில்தான் ‘விலக வேண்டாம்’ என்பது முந்தியது. 1900இல் காட்டிய உறுதியை அவர்கள் மாற்றிக்கொள்ளவில்லை. இந்த மக்கள் தீர்ப்பில் இடமே பெறாத மக்களும் உண்டு. அந்த நிலத்தின் ஆதிக்குடிகளை 1907ஆம் ஆண்டு மாநிலத் தேர்தல் சட்டம் வாக்குரிமையிலிருந்து விலக்கிவைத்திருந்தது. யாருடைய நிலம் எந்த ஒன்றியத்தில் இருக்க வேண்டும் என்ற விவாதத்தில் இரு தரப்பும் அவர்களைக் கேட்கவில்லை. அந்த வாக்கெடுப்பை மக்கள் விருப்பம் என்று எழுதும்போது இதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

இப்போது இரட்டைத் தீர்ப்புக்கு வருவோம். மிட்செல் அரசு 1930இல் எல்லோருக்கும் வேலை என்ற நம்பிக்கையூட்டி வந்தது. மந்தத்தின் மூன்று கொடிய ஆண்டுகளும் அதன் ஆட்சியில்தான் கழிந்தன. வேலையிழந்தவரும் கடன்பட்ட விவசாயியும் அந்த அரசுக்கு வாக்களிக்க எந்தக் காரணமும் இல்லை. அதே மனிதர் சுங்கவரியால் தன்னைப் பிழிந்த கூட்டாட்சிக்கு வாக்களிக்கவும் காரணம் இல்லை. பெர்த்திலும் கான்பராவிலும் அதிகாரத்தில் இருந்த இரு தரப்பையும் ஒரே நாளில் தண்டிக்க வாய்ப்பு கிடைத்தது, தண்டித்தார்கள். பிரிவினை ஆதரவு அரசைத் தோற்கடித்ததால் பிரிவினை வாக்கு போலி என்று வாதிடுவோர், வாக்காளர் தன் துன்பத்தை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வல்லவர் என்பதை மறுக்கிறார்கள். அதே சமயம், அந்த ‘ஆம்’ முழுவதும் தனிநாட்டு வேட்கை என்று கொள்வதும் மிகை. துயர் தீர்ந்தால் தணியும் கோபம் அதில் கணிசமாக இருந்தது. பின்னால் நடந்தவை அதைக் காட்டுகின்றன.

கோலியருக்கு வந்தது தர்மசங்கடம். தான் ஆதரிக்காத தீர்ப்பை நிறைவேற்றும் பொறுப்பு அவர் தலையில். அவர் அதைக் கிடப்பில் போடவில்லை. 1934இல் சட்டம் இயற்றி, லண்டனுக்கு மனுவும் தூதுக்குழுவும் அனுப்பினார். குழுவில் வாட்சன், மெக்காலம் ஸ்மித், மேத்யூ மாஸ், லண்டனில் மாநிலத்தின் பிரதிநிதியாக இருந்த சர் ஹால் கோல்பாட்ச் ஆகியோர் இருந்தனர். மாநிலத்தின் குறைகளை விரிக்கும் 489 பக்க ஆவணம் ஒன்றும் உடன் சென்றது. கூட்டாட்சி அரசு ‘கூட்டாட்சிக்கான வழக்கு’ என்ற பொருளில் மறுப்பு நூல் வெளியிட்டது; அதைத் தயாரித்தவர்களில் ஒருவர் அரசமைப்பின் முதல் விளக்கவுரையை எழுதிய இருவரில் ஒருவரான ராபர்ட் கேரன்.

மனுவை ஏற்கலாமா என்பதை ஆராய, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் கூட்டுக்குழு அமைத்தன. 1935 மே மாதம் அது அறிக்கை தந்தது. அதன் தர்க்கம் கூர்மையானது: சட்டப்படி பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு ஆஸ்திரேலிய அரசமைப்பை மாற்றும் அதிகாரம் உண்டு. ஆனால் ஒரு டொமினியனின் விவகாரத்தில் அந்த டொமினியன் அரசு கேட்டாலன்றித் தலையிடுவதில்லை என்பது நிலைபெற்ற மரபு. 1931ஆம் ஆண்டு வெஸ்ட்மின்ஸ்டர் சட்டத்தின் உணர்வும் அதுவே. கூட்டாட்சியை உடைப்பது முழு ஆஸ்திரேலியாவின் விவகாரம். அதைக் கேட்கும் தகுதி ஒரு மாநிலத்துக்கு இல்லை. எனவே மனு ஏற்கத்தக்கதன்று. ஆவணத்தின் 489 பக்கக் குறைகளை அவர்கள் எடைபோடவே இல்லை. வாதம் வாசலிலேயே முடிந்துவிட்டது. அதே மாதங்களில் அதே நாடாளுமன்றம் இந்தியாவுக்கான கூட்டாட்சி மசோதாவை விதி விதியாக விவாதித்துக்கொண்டிருந்தது என்பது நம் வாசகர்கள் கவனிக்க வேண்டிய செய்தி. இந்தியர்கள் கேட்டதைவிடக் குறைவாகத் தந்து தலையிட அதற்குத் தயக்கமில்லை. மேற்கு ஆஸ்திரேலியா கேட்டபோது மட்டும் மரபு குறுக்கே நின்றது. ஆட்சியுரிமை யாருக்கு எவ்வளவு என்பதில் பேரரசு வைத்திருந்த தட்டுகள் வேறுவேறானவை.

பெர்த்தில் அதற்குள் சூடு தணிந்திருந்தது. பிரிட்டன் 1931இல் தங்கத் திட்டத்தைக் கைவிட்டபின் தங்கத்தின் விலை ஏறியது; கால்கூர்லியில் மீண்டும் வேலை பெருகியது. இன்னொரு காரணம் கான்பராவில் பிறந்தது. வாக்கெடுப்பு முடிந்த சில வாரங்களில், 1933 மே மாதம், கூட்டாட்சி மானிய ஆணையச் சட்டம் நிறைவேறியது. பிரடெரிக் எகில்ஸ்டன் தலைவர். பொருளியலாளர் கிப்ளின் உறுப்பினர்களில் ஒருவர். அதுவரை மானியம் அரசியல் தயவாக இருந்தது. இந்த ஆணையம் 1936இல் தந்த மூன்றாவது அறிக்கையில், கூட்டாட்சிக் கொள்கையால் வந்த நட்டத்துக்கு ஈடு என்ற வாதத்தை ஏற்க மறுத்து, பிற மாநிலங்களுக்கு நிகரான சேவையைத் தர ஒரு மாநிலத்துக்கு எவ்வளவு நிதி தேவை என்பதை அளவுகோலாக்கியது. பிரிவினைவாதிகளின் வாதத்தை அது மறுத்தது. அவர்களது மக்களின் தேவையை ஏற்றது. வாக்கெடுப்பு ஈட்டித் தந்த நிலையான பலன் இதுவே என்பது என் முடிவு. விலகல் கிடைக்கவில்லை, ஒரு கூட்டாட்சி தன் நலிந்த உறுப்புகளுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்ற நெறி கிடைத்தது.

அந்த நெறியே பிறகு மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு எதிராகவும் திரும்பியது. இரும்புத்தாது வருவாயில் மாநிலம் செழித்தபின், சரக்கு மற்றும் சேவை வரியில் அதன் பங்கு 2015-16இல் தலைக்கணக்குப்படி வர வேண்டிய ஒவ்வொரு டாலருக்கும் ஏறத்தாழ 30 சென்ட் என்ற அளவுக்கு இறங்கியது. பெர்த்தில் மறுபடியும் விலகல் பேச்சு எழுந்தது. 2018இல் சட்டம் திருத்தப்பட்டு, எந்த மாநிலத்தின் பங்கும் டாலருக்கு 70 சென்ட்டுக்குக் கீழே போகக் கூடாது என்றும், 2024-25 முதல் அந்த வரம்பு 75 சென்ட் என்றும் வகுக்கப்பட்டது. பங்கைக் கணக்கிட்டுப் பரிந்துரைப்பது இன்றும் 1933இல் தொடங்கிய அதே மானிய ஆணையம்தான்.